சொல்வோர், கேட்போர், பயன்: கொல்லிமலை எழுத்துகளில் கருத்தாடலின் வளர்ச்சி

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் சமவெளி முடிகிறது. அங்கிருந்து கொல்லிமலைச் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. வளைவின் எண்ணைச் சொல்லும் பலகையில் எழுதியவர் பெயர் இல்லை. ஆனாலும் அதைக் கண்ட ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். அதே பலகை ஒரு வீட்டுத் திண்ணையில் கிடந்தால் அது வெறும் தகரம். சொல்வோர், கேட்போர், இடம், நோக்கம் நான்கும் கூடும்போதே எழுத்து பொருள் தருகிறது. இந்தக் கூட்டுறவை மொழியியலார் கருத்தாடல் என்பர். கொல்லிமலையைப் பற்றிச் சங்க காலம் தொட்டு எழுதப்பட்டவற்றில் இது எவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொல்காப்பியம் கண்ட உறுப்புகள்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுக்கிறது. எழுத்து, அசை, சீர், அடி முதலிய வடிவ உறுப்புகளோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் சமமாக இடம்பெறுகின்றன. இன்ன இடத்தில் இன்னார் இன்னாருக்குச் சொல்லத்தக்க சொல் இது என்று உணருமாறு அமைவது முன்னம்.

அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கின்னீவி 1971இல் வெளியிட்ட நூலில், எழுதுபவர், படிப்பவர், உலகம், மொழி ஆகியவற்றுள் எது முதன்மை பெறுகிறது என்பதைக் கொண்டு எழுத்தின் நோக்கங்களைப் பகுத்தார். அவருக்கு நோக்கம் எழுத்தை வகைப்படுத்தும் அளவுகோல். தொல்காப்பியருக்கு அது செய்யுளின் உறுப்பு. அடியையும் சீரையும் எண்ணிவிட்டுக் கேட்போரை விட்டுவிடும் வாசிப்பு, அவர் கணக்கில் குறைவாசிப்பே.

ஒரே ஓரி, இரு நோக்கங்கள்

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைக்கிறது. எய்தவன் யாரென்று அறியாமலே கலைஞர் கூட்டம் அவன்முன் பாடுகிறது. தன் புகழைத் தானே கேட்க நேர்ந்த ஓரி நாணுகிறான். தன் பெயரைச் சொல்லாமல் ஊனும் பொன்னும் தருகிறான். பாட்டுக்குள் பேசுபவர் பரிசில் பெற்றவர். புகழைப் பரப்புவது அதன் பயன்.

204ஆம் பாடலில் கழைதின் யானையார் அதே ஓரியிடம் பேசுகிறார். இரத்தல் இழிவு, ஈயேன் என்பது அதனினும் இழிவு என்று தொடங்குகிறார். பரிசில் கிட்டாதவர் நிமித்தத்தையும் நேரத்தையும் பழிப்பார்களே தவிர வள்ளலைப் பழிப்பதில்லை என்கிறார். உன்னை நோகமாட்டேன் என்று வாழ்த்தி முடிக்கிறார். சொல்லளவில் அது வாழ்த்து. ஓரியின் காதில் அது இடித்துரை.

குறுந்தொகையின் 100ஆம் பாடலில் கபிலர் அதே மலைக்கு வேறொரு வேலை தருகிறார். தலைவியின் அழகுக்குக் கொல்லிப் பாவை அங்கே உவமை. பேசுபவன் தலைவன், ஓரி உவமைக்குள் ஒரு பெயராக மட்டும் நிற்கிறான்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

அவையில் பாடப்பட்டபோது புலவரும் வள்ளலும் எதிரெதிரே இருந்தனர். யார் யாரிடம் சொன்னது என்று விளக்க வேண்டியதில்லை. பாட்டு ஏட்டில் ஏறியதும் அந்த அவை மறைந்தது. பின்வந்தோர் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகிய குறிப்புகளைப் பாட்டின் அடியில் சேர்த்தனர். மறைந்த அவையை மீட்டுத்தரும் முயற்சி அது. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோது இக்குறிப்புகளும் அச்சேறின. அறிமுகமில்லாத ஆயிரம் வாசகருக்கு அவையே கைவிளக்காயின.

18ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இந்தக் குறிப்பைப் பாட்டுக்குள்ளேயே கொண்டுவருகிறது. அதன் ஈற்றடி, மதவேள் என்னும் புரவலர் பெயரைச் சொல்லி, கொல்லிமலை இறைவனை விளிக்கிறது. ஆனால் இடையில் சொல்லப்படுபவை இல்லறமும் உலகியலும். விளிக்கப்படுபவர் இறைவன், அறிவுரை பெறுபவர் இல்லறத்தார். ஒரே பாட்டில் இரு கேட்போர்.

காலனிய ஆட்சியில் கேட்போர் மீண்டும் மாறினர். லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), ரிச்சர்ட்ஸின் மாவட்ட விவரச்சுவடி (1918) ஆகியவற்றில் மலை, நிருவாகம் அறிய வேண்டிய நிலப்பகுதியாகிறது. மலைவாழ் மக்கள் பேசப்படுகிறார்கள். அவர்களிடம் யாரும் பேசவில்லை. விவரம் சரியா என்று பார்ப்பதோடு, அது யார் பொருட்டுத் திரட்டப்பட்டது என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

முடிவுரை

காலந்தோறும் கொல்லியைக் கேட்போர் மாறினர். அவரோடு எழுத்தின் வடிவமும் மாறியது. இன்று 204ஆம் பாடலின் தொடக்க அடிகள் மேடைகளிலும் பாடநூல்களிலும் பொது அறமாகத் தனித்து ஒலிக்கின்றன. அறம் அப்படியே இருக்கிறது. ஆனால் பரிசில் பெறாமல் திரும்பும் ஒரு புலவரின் மனவருத்தம் உதிர்ந்துவிடுகிறது. வகுப்பறையில் அப்பாடலுக்குப் பொருள் எழுதச் சொல்லும் முன், இதைக் கேட்ட ஓரி என்ன செய்திருப்பான் என்று மாணவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கேள்வியோடு உதிர்ந்த வருத்தம் பாட்டுக்குத் திரும்பிவிடும்.