எழுத்து நின்றது, நா நடந்தது

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் இடறுவது அருஞ்சொற்களில் அன்று, அன்றாட வினைச்சொற்களில்தான். 'ரீட்' என்றால் 'படி'. அதே எழுத்துகளை 'ரெட்' என ஒலித்தால் 'படித்தான்'. சொல்லுதலைக் குறிக்கும் 'சே' என்னும் வினையோ, இறந்தகாலத்தில் 'சேட்' ஆகாமல் 'செட்' ஆகிவிடுகிறது. எழுத்தைக் கண்டவாறே ஒலிக்கும் மாணவன் வகுப்பில் நகைப்புக்கு ஆளாகிறான். அவன் செய்த பிழைதான் என்ன?

வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும். ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெட்டுயிர்கள் படிப்படியாக இடம் மாறின. 'கடி' எனப் பொருள்படும் இன்றைய 'பைட்', முன்னாளில் 'பீட்' என்பதற்கு நெருங்கி ஒலித்தது. இம்மாற்றம் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவ, பழைய ஒலிப்பைக் காட்டும் எழுத்துகளே நிலைபெற்றன. எழுத்து நின்றது, நா நடந்துகொண்டே இருந்தது.

'ரெட்' என்னும் வடிவில் பண்டு இரட்டை மெய் நின்றது. அதன் முன் உயிர் குறுகியது. குறுகிய உயிரை இப்பெயர்ச்சி தொடவில்லை. 'செட்' என்பதோ, பலர் கை மாறித் தேயும் நாணயம்போல் வழக்கில் தேய்ந்தது. எனினும், வட இங்கிலாந்தின் சில பகுதிகளில் 'சொல்கிறான்' என்பதற்கு 'செஸ்' என்னாமல் 'சேஸ்' என்று நெடிலாக ஒலிப்போர் இன்றும் உளர்.

இடம் நோக்கியும் ஒலி மாறும். உடைமையைக் குறிக்கும் 'ஹேவ்', கட்டாயத்தை உணர்த்த 'டு' என்பதோடு சேருங்கால், அடுத்துவரும் வல்லொலியால் 'ஹேஃப்' ஆகிவிடும். நாட்டுக்கு நாடும் மாறும். 'பீன்' என்று இங்கிலாந்தார் ஒலிப்பதை அமெரிக்கர் பெரும்பாலும் 'பின்' என்பர். இன்னும் வியப்பானது உண்ணுதலைக் குறிக்கும் 'ஈட்' என்பதன் இறந்தகாலம். இங்கிலாந்தில் கற்றோர் நாவில் வழிவழியாக வந்தது 'எட்'. அமெரிக்கரோ 'ஏட்' என்பர். அங்கு 'எட்' என்றால் நாட்டுப்புறத்தான் என்ற இகழ்ச்சி வந்து சேரும். ஒரே ஒலி கடலின் ஒரு கரையில் கல்வியின் அடையாளம். மறு கரையில் கல்லாமையின் அடையாளம்! இங்கிலாந்திலும் இளையோர் பலர் இப்போது 'ஏட்' என்றே சொல்கின்றனர்.

அப்படியானால் 'சரியான' ஒலிப்பை வகுத்தவர் யார்? 1791-இல் ஜான் வாக்கர் ஒலிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். நாடக மேடையில் நடித்தவர், கத்தோலிக்கம் தழுவியவர். ஸ்காட்லாந்தாரும் அயர்லாந்தாரும் மட்டுமன்றி, இலண்டன் மக்களும் தம் ஒலிப்புக் குறைகளைக் களைவதற்கான விதிகளையும் அதில் சேர்த்தார். தலைநகரத்தாரையும் திருத்தவேண்டியிருந்ததென்றால், பிழையற்ற நா எவருடையது? 1917-இல் ஒலிப்பு அகராதி வெளியிட்ட டேனியல் ஜோன்ஸ், பெரும் உறைவிடப் பள்ளிகளில் பயின்ற தென் இங்கிலாந்துக் குடும்பத்தாரின் பேச்சையே பதிவு செய்தார். அனைவரும் அவ்வாறே பேசவேண்டுமென அவர் விதிக்கவில்லை. ஆயினும் அவ்வொலிப்பே செல்வாக்குப் பெற்றது. 1941-இல் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தம் யார்க்‌ஷயர் ஒலிப்போடு பி.பி.சி. வானொலியில் செய்தி வாசித்தபோது பெரும் சலசலப்பு எழுந்தது. அவர் பேசியதோ அவருடைய தாய்மொழி!

ஒலிப்பைக் கற்பிக்க வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பிறர்க்கு விளங்கப் பேசுவது கடமையே. ஆனால் திருத்துவது வேறு, நகைப்பது வேறு. 'சேட்' என்று வாசிக்கும் சிறுவன் எழுத்தை நம்பினான்; அவனைக் கைவிட்டது எழுத்து. அவனிடம் இந்த வரலாற்றைச் சொல்லித் திருத்துவோம். தலைகுனிய வேண்டியவன் அவன் அல்லன்.