புழுங்கலரிசி காட்டிக் கொடுத்த நோய்: மலாயாவில் பெரிபெரி

முதலில் கால் கனக்கும். பாதத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். பிறகு அந்த உணர்வும் போய்ப் பாதம் மரத்துவிடும். கெண்டைக்காலைப் பிடித்தால் வலிக்கும். குந்தி உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியாது. வேறு சிலருக்குக் கால்கள் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி நிரம்ப நேரம் பிடிக்கும். அதோடு நெஞ்சு படபடக்கும், மூச்சிரைக்கும். இந்த நிலைக்கு வந்தவர் ஓரிரு நாளில், சில நேரம் சில மணி நேரத்திலேயே, இதயம் செயலிழந்து இறந்துபோவதும் உண்டு.

நூறாண்டுகளுக்கு முன்பு மலாயாவின் மருத்துவமனைகளில் இந்த அறிகுறிகளோடு படுத்துக் கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். நோயின் பெயர் பெரிபெரி. 'முடியாது, முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நரம்புகளைத் தாக்கி நடையைக் கெடுப்பதை உலர் பெரிபெரி என்றும், இதயத்தைத் தாக்கி உடலில் நீர் கோக்கச் செய்வதை ஈரப் பெரிபெரி என்றும் மருத்துவர்கள் பிரித்துச் சொன்னார்கள். அறிகுறிகளை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். காரணம்தான் பிடிபடவில்லை.

பேராக், சிலாங்கூர் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே அதிகம் மாண்டார்கள். சிறைகளிலும் மனநலக் காப்பகங்களிலும்கூட நோய் பரவிக் கிடந்தது. ஆனால் அதே நாட்டில், அதே மழையில் நனைந்து வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களிடம் பெரிபெரி மிக அரிது. கம்பத்தில் வாழ்ந்த மலாய்க்காரர்களிடமும் அப்படியே. இத்தனைக்கும் தமிழர்களின் கூலி சீனர்களின் கூலியைவிடக் குறைவு. தோட்டத்து லயங்களின் நிலையோ சொல்லத் தேவையில்லை.

இதைக் கேட்டுத் தமிழர்கள் நோயின்றி வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி, சோகை முற்றினால் கால் வீங்கும், மூச்சிரைக்கும். சிறுநீரகம் பழுதானாலும் கால் வீங்கும். வீங்கிய காலை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது என்பது அன்றைய மருத்துவர்களுக்குப் பெரும் தலைவலி. கால் மரத்திருக்கிறதா, முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டியிருந்தது.

1900-இல் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்கம் அதுதான். அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் பெரிபெரியைத் தீவிரமாக ஆராய்ந்து, அது ஒரு தொற்றுநோய் என்ற முடிவுக்கு வந்தார். அசுத்தமான இடத்தில் இருக்கும் கிருமி வாய் வழியாக உடலுக்குள் போகிறது என்பது அவர் கருத்து. அவரைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. காலராவுக்கும் காசநோய்க்கும் கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்து உலகமே வியந்து நின்ற காலம் அது. ஒரே கட்டடத்தில் பலர் அடுத்தடுத்து நோயில் விழுந்தால் யாருக்கும் கிருமி நினைவுதான் வரும். உடலில் ஏதோ ஒன்று புகுந்ததால் அல்ல, ஏதோ ஒன்று குறைந்ததால் நோய் வரலாம் என்ற எண்ணமே மருத்துவ உலகில் வேரூன்றாத நேரம்.

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த வில்லியம் பிராடன் வேறு வழியில் யோசித்தார். மூன்று இனத்தாரும் குடிக்கும் நீர், மிதிக்கும் மண், சுவாசிக்கும் காற்று எல்லாம் ஒன்று. வேறுபடுவது சோறு. சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த வெள்ளரிசி. ஆலையில் தவிடு முழுக்கத் தீட்டப்பட்டு, மூட்டையில் மாதக்கணக்காகக் கிடந்த பச்சரிசி. மலாய்க்காரர்கள் வீட்டு நெல்லை அவ்வப்போது லெசோங்கில் குத்திச் சமைத்தார்கள். தவிடு முழுவதும் போகாது. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. வெள்ளரிசிக்கு மாறிய மலாய்க்காரர்கள் நோயுற்றதையும் பிராடன் கவனித்தார். 1907-இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். பழைய வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் குற்றவாளி எந்தப் பானையில் இருக்கிறான் என்பதை அவர் சரியாகவே சுட்டிக்காட்டிவிட்டார்.

அதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். இடம், கோலாலம்பூர் மனநலக் காப்பகம். 1905-இல் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில் நோயாளிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு விடுதிக்கு. இரட்டைப்படையினர் எதிர் விடுதிக்கு. கறி, காய், மீன் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. ஒரு பக்கத்துக்குச் சயாம் வெள்ளரிசி. மறுபக்கத்துக்கு வங்காளத்துப் புழுங்கலரிசி. கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற ஐயம் எழாதபடி, இடையில் இரு குழுவினரையும் விடுதி மாற்றிக் குடியேற்றினார். அரிசியை மட்டும் மாற்றவில்லை.

ஓராண்டு முடிந்தது. வெள்ளரிசி உண்ட 120 பேரில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் பெரிபெரியில் விழுந்தனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் காணப்பட்டது இருவருக்கு மட்டுமே. அவ்விருவரும் காப்பகத்துக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள்.

அறிவியல் வரலாற்றில் இதை நேர்த்தியான ஆய்வு என்று புகழ்வார்கள். நேர்த்தியானதுதான். ஆனால் அந்த வரிசையில் நின்று 'ஒன்று, இரண்டு' என்று எண்ணியவர்கள், தாங்கள் எதற்காக எண்ணுகிறோம் என்பதைப் புரிந்து சம்மதம் சொல்லும் நிலையில் இருந்தவர்கள் அல்லர். ஒற்றைப்படை எண்ணில் நின்றதற்காக ஒருவர் செத்தார். வெள்ளரிசிப் பக்கம் சாவு விழத் தொடங்கிய பிறகும் ஆய்வு ஆண்டு முடியும்வரை நடந்தது. இன்று எந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

அடுத்து ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் வந்தார்கள். நெகிரி செம்பிலான் ஜெலுபு வட்டாரத்தில், டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளரிசிக் குழுவில் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் புதிய நோயாளிகள் இல்லை. பின்னர் மற்றக் குழுவுக்கு வெள்ளரிசி கொடுத்தபோது அங்கும் நோய் வந்தது. முடிவுகள் 1909-இல் வெளிவந்தன. புதிதாகத் தீட்டிய வெள்ளரிசியாலும் நோய் வருகிறது, தீட்டும்போது கழிந்த தவிட்டைச் சேர்த்தால் வருவதில்லை என்று அவர்கள் கோழிகளைக் கொண்டும் நிறுவியபோது, நஞ்சு என்ற கருத்து அடிபட்டுப் போனது. பத்தவியாவில் எய்க்மேன் என்ற டச்சு மருத்துவர் 1890-களிலேயே கோழிகளிடம் இதைப் பார்த்திருந்தார். அதற்காக 1929-இல் நோபல் பரிசு பெற்றார்.

தவிட்டில் இருந்தது என்ன? இன்று தையமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் அழைக்கப்படும் சத்து. 1926-இல் அதே பத்தவியாவில் அது தனியே பிரித்தெடுக்கப்பட்டது. 1936-இல் செயற்கையாகச் செய்யும் முறை வந்தது. சோற்றிலுள்ள மாவுச்சத்தை உடல் சக்தியாக மாற்ற இந்தச் சத்து வேண்டும். உடலில் இருக்கும் சேமிப்போ சில வாரங்களுக்குத்தான் தாங்கும். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் சத்து அரிசியின் உள்ளே இறங்கிப் படிந்துவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும், களைந்தாலும், கஞ்சியை வடித்தாலும் ஒரு பகுதி எஞ்சி நிற்கும். பச்சரிசியைத் தீட்டும்போது சத்து தவிட்டோடு போய்விடும். மிச்சம் மீதி களைந்த நீரில் போகும்.

இதை 'அன்றே சொன்னார்கள் நம் முன்னோர்' என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் பெரிபெரிக்காக எவரும் நெல்லை அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, சீக்கிரம் வண்டு விழாது. அதோடு நாக்குக்கும் அந்தச் சோறே பழகியிருந்தது. தமிழர்களைக் காத்தது அந்தப் பழக்கம்தான்.

அந்தக் காப்பு எவ்வளவு மெல்லியது என்பதை ஜப்பானியர் ஆட்சிக் காலம் காட்டியது. 1942 முதல் 1945 வரை அரிசி இறக்குமதி குலைந்தது. மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பினார்கள். கிழங்கில் மாவு உண்டு. தையமின் மிகக் குறைவு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பெரிபெரி திரும்பி வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் அதற்குத் தப்பவில்லை. காலராவும் மலேரியாவும் சீதபேதியும் சூழ்ந்த முகாமில், வீங்கிய காலோடு பாதையில் கல் சுமந்தவர்களில் யார் எந்த நோயால் செத்தார் என்று பிரித்துச் சொல்லக்கூட அங்கே மருத்துவர் இல்லை.

சிங்கப்பூரில் சிறைப்பட்டிருந்த டி வார்டனர், லெனாக்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் நோயின் மற்றொரு முகத்தைப் பதிவு செய்தார்கள். கைதிகளுக்கு முதலில் பசி போனது, வாந்தி வந்தது. பிறகு கண்விழிகள் தாமாகத் துடித்தன; இரட்டையாகத் தெரிந்தது; நினைவு தடுமாறியது. பெரிபெரி மூளையைத் தாக்கும் நிலை அது. 52 பேரைப் பற்றிய அந்தக் குறிப்புகள் போருக்குப் பின் 1947-இல் லான்செட் இதழில் வெளிவந்தன.

இன்று பெரிபெரி என்ற சொல்லையே பலர் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் நோய் உலகைவிட்டுப் போய்விடவில்லை. சோற்றைக் குறைத்து மதுவில் மூழ்கியவர்களுக்கு வருகிறது. கர்ப்ப காலத்தில் வாரக்கணக்கில் வாந்தி எடுக்கும் பெண்களுக்கும், உடல் எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் வரலாம். 2003-இல் இஸ்ரேலில், தையமின் சேர்க்கப்படாத சோயா பால்மாவைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வந்தது. அவர்களில் சிலர் இறந்தனர். நீரிழிவு மலிந்த இக்காலத்தில் பாதம் மரத்தால் எல்லாரும் சர்க்கரையைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த ஒருவருக்குப் பாதம் மரத்து, கால் வீங்கி, நெஞ்சும் படபடத்தால், அவர் சில வாரங்களாக என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், எத்தனை நாள் வாந்தி எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தையமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். தையமின் ஊசி உரிய நேரத்தில் போடப்பட்டால், ஈரப் பெரிபெரியில் திணறும் இதயம் சில மணி நேரத்திலேயே தேறத் தொடங்கும். மரத்துப்போன கால் நடைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும்.