அடியார்க்குநல்லார் சொன்ன குழல்

நல்ல புல்லாங்குழலை எப்படிப் பார்த்து எடுப்பது? இதற்குத் தமிழில் ஒரு பழைய, விரிவான விடை இருக்கிறது, அதுவும் சிலப்பதிகார உரையில். அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்கு வாசிக்கும் குழலோனின் தகுதிகளைச் சொல்லிவிட்டு இளங்கோ நகர்ந்துவிடுகிறார். உரைகாரர் அடியார்க்குநல்லார் நகரவில்லை. குழலை எதில் செய்யவேண்டும், மரத்தை எங்கே வெட்டவேண்டும், எத்தனை நாள் காயப்போடவேண்டும், துளைக்குத் துளை எவ்வளவு இடைவெளி என்று பட்டறை ஆசாரி மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். உ.வே.சாமிநாதையர் இந்த உரையோடு சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்திருக்காவிட்டால் இதெல்லாம் நமக்கு எட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவர் சொல்லும் பொருள்கள் ஐந்து: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. இதில் மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், மற்றவை அதமம். சரி, மூங்கில்தான் என்று முடிவுகட்டப் போனால் அடுத்த வரியிலேயே ஒரு திருப்பம். இக்காலத்தில் கருங்காலி, செங்காலி, சந்தனம் இவற்றில்தான் செய்கிறார்கள், அதிலும் கருங்காலி வேண்டும் என்பதே பெருவழக்கு என்கிறார். அதாவது நூல் அதமம் என்று ஒதுக்கிய மரத்தைத்தான் அவர் காலத்து வித்வான்கள் கேட்டு வாங்கினார்கள்! நூலையும் மறைக்கவில்லை, நடப்பையும் மறைக்கவில்லை. இதற்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

மரம் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் கேளுங்கள். உயர்ந்த, சமமான நிலத்தில் வளர்ந்திருக்கவேண்டும். நாலு பக்கத்துக் காற்றும் வந்து மோதும் இடத்து மரத்தில் நாதம் இருக்காது. ரொம்ப இளசும் கூடாது, கிழடும் கூடாது. ஒரு மனித ஆயுள் அளவுக்கு நின்ற மரம் வேண்டும். வெட்டி, நிழலில் ஆறப்போட்டு, முறுக்குகிறதா, பிளக்கிறதா என்று ஒரு வருஷம் பார்த்த பிறகுதான் உளி வைக்கவேண்டும். குடையும்போது மீதி விடும் சுவரின் கனம் நெல்லரிசியில் பாதி. நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல். ஒரு பக்கத்தை வெண்கல அணைசு போட்டு அடைத்து, மறுபக்கத்தைத் திறந்துவிடவேண்டும்.

துளைக்கணக்கு இன்னும் சுவாரசியம். அடைத்த முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஊதும் வாய். அங்கிருந்து ஏழு விரல் காலி. திறந்த முனையில் இரண்டு விரல் காலி. நடுவில் மிஞ்சும் ஒன்பது விரலில் எட்டுத் துளை. கூட்டிப் பாருங்கள், 2, 7, 9, 2, மொத்தம் இருபது. எட்டில் ஒன்றை முத்திரை என்று கழித்துவிட்டு ஏழு துளையில் ஏழு விரல் வைத்து ஊதவேண்டும். இன்றைய கர்நாடகக் குழலைக் கையில் எடுத்து எண்ணினாலும் விரல்துளை எட்டுதான். கடைசித் துளை பெரும்பாலும் மூடாமல் சும்மா கிடக்கும். விரலுக்கு முக்கால் அங்குலம் என்று வைத்தால் இருபது விரல் பதினைந்து அங்குலம். கச்சேரி மேடையில் பார்க்கும் குட்டைக் குழலின் நீளம் கிட்டத்தட்ட அதேதான்.

இதையெல்லாம் நான் மறுபடி எடுத்துப் படிக்கக் காரணம் எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பையன் ஒருத்தன். கோயில் விசேஷங்களில் ஊதிக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக ஒலிப்பதிவுக்கு அழைப்பு. கையிலிருக்கும் காசுக்கு ஒரே ஒரு குழல்தான் வாங்க முடியும். "எதண்ணா வாங்கறது? டின் விசில்னு ஒண்ணு இருக்குதாமே, தகரத்துல, அது வெடிக்காதாம், அதையே வாங்கிரட்டுமா?" என்று கேட்டான்.

டின் விசில் என்பது டைட்டானிக் படப் பாட்டின் ஆரம்பத்தில் வருமே, அந்தச் சத்தம். 1843இல் ராபர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் தகரத்தகட்டை உருட்டிச் செய்து விற்க ஆரம்பித்து, ஏழைகளின் வாத்தியமாக அயர்லாந்து முழுக்கப் பரவியது. 1971இல் பெர்னார்ட் ஓவர்ட்டன் என்பவர் அலுமினியத்தில் நீளமாக, தாழ்ந்த சுருதியில் ஒன்று செய்தார். அதற்குப் பிறகு மேடையிலும் ஸ்டூடியோவிலும் அதற்குத் தனி மரியாதை. தொழில்முறைக் கலைஞர்கள் வாங்கும் விசில்களில் தலைப்பகுதியை நகர்த்திச் சுருதி சேர்க்கும் வசதியும் உண்டு. உலோகக் குழல் என்றதும் நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை, அடியார்க்குநல்லாரே வெண்கலத்துக்கு இரண்டாம் இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் விசிலில் காற்று போகும் பாதை வாய்க்குள்ளேயே செதுக்கி முடிவாகிவிட்டது. நம் குழலில் உதட்டைக் கொஞ்சம் சாய்த்தால் சுரமே வளையும். கமகத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. விசிலில் விரலை இழுத்துத்தான் எல்லாம் செய்யவேண்டும். ராகம் வாசிக்கிறவனுக்கு அது போதாது.

எந்த மூங்கில்? கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளில் வளரும் கல்மூங்கில் தடிக்கும் ஏணிக்கும்தான் லாயக்கு. சுவர் கனம், கணு நெருக்கம். குழலுக்கு மெல்லிய சுவரும் நீண்ட கணுவிடையும் வேண்டும். உத்தரப்பிரதேசத்துப் பிலிபித்தில் பன்சூரி செய்கிறவர்கள் அசாமின் சில்சரிலிருந்து மூங்கில் வரவழைப்பது அதனால்தான். நெல்லரிசியில் பாதி என்றாரே, அந்தக் கவலைதான் இங்கேயும்.

நீளம் மாறியது இருபதாம் நூற்றாண்டில். சரப சாஸ்திரி (1872–1904), அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் இவர்கள் காலத்துக் கச்சேரியில் மைக் கிடையாது. பிடிலையும் மிருதங்கத்தையும் மீறிக் கடைசி வரிசைக்குக் கேட்க உச்சச் சுருதிக் குட்டைக் குழல்தான் தோதாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. வடக்கே பன்னாலால் கோஷ் (1911–1960) உலோகம் உட்படப் பலவற்றில் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் மூங்கிலுக்கே வந்தார். ஆனால் நீளம் 32 அங்குலம், நம்முடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவரைப் பார்த்து இங்கே நீளக் குழலை மேடைக்குக் கொண்டுவந்தவர் என். ரமணி. டி.ஆர். மகாலிங்கம் என்ற மாலியின் மருமகன், சீடர். அந்தக் கனத்த அடிக்குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர மைக் வேண்டும். மைக் வந்தபிறகுதான் அது வித்வானின் பையில் நிரந்தர இடம் பிடித்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே பையனிடம் பொருளைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஸ்டூடியோவில் என்ன சுருதி என்று முதலில் கேள் என்றேன். குழலின் கட்டை ஒன்றுதான், வயலின் மாதிரி முறுக்கி ஏற்ற முடியாது. பிறகு தம்பூரா செயலியைப் போட்டு ஸட்ஜமும் பஞ்சமமும் கிடைக்கும் ஸ்தாயிகளிலெல்லாம் சேர்கிறதா பார். நடு ஸ்தாயியில் மட்டும் இனித்து மேலே போனதும் விலகும் குழல்கள் கடையில் நிறைய. ஊதும் வாயின் விளிம்பு கூர்மையாக, பிசிறில்லாமல் இருக்கவேண்டும். செல்போனை ஒரு அடியில் வைத்துப் பதிவு செய்து, காதுக்கருவி மாட்டிக் கேள். மேடையில் யாருக்கும் கேட்காத மூச்சிரைச்சல் அங்கே புயலாக வரும்.

இன்னொன்று, சூடு. காற்று ஒரு பாகை சூடானால் குழலின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். அரைச்சுரம் என்பது 100 சென்ட். சித்திரை மாதச் சேலத்தில் 38 பாகையில் சரிபார்த்து வாங்கிய குழலை 24 பாகை ஏசி அறையில் எடுத்தால் கணக்குப்படி 42 சென்ட் இறங்கி நிற்கும். ஊதுகிறவர் மூச்சே உள்ளே சூடேற்றுவதால் அவ்வளவு முழுசாக வராது. ஆனாலும் ஏற்கெனவே பதிவான கீபோர்டோடு சேராமல் போக அதில் பாதியே தாராளம். வாங்கும் இடத்தில் ஏசி இருந்தால் அங்கேயே ஊதிப் பார், இல்லாவிட்டால் விடியற்காலையில் போ என்றேன். எண்ணெய் தடவி, நூல் சுற்றி, வெயில் படாமல் வைத்துக்கொள்ளவும் சொன்னேன்.

அவன் எடுத்தது மூங்கில், நீளம் பதினைந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கருங்காலியில் கிடைக்குமா என்றும் கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறான். மாலைதான் இருக்கிறது என்றாராம்.