சிம் அட்டையும் நிரூபிக்கும் சுமையும்

2018 ஜூன் மாதம், தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் அட்டை விற்பனை முகவர் ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி கிடந்த நில ஆவணங்களை அவர் இறக்கி வைத்திருந்தார். அவற்றில் ஆதார் எண்ணும் இருந்தது, பெருவிரல் ரேகையும் இருந்தது. ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கருவியில் அந்த ரேகைகளை வார்த்தெடுத்து, ஸ்கேனரில் வைத்து அழுத்தி, ஏறத்தாழ 6,000 சிம்களுக்கு இணைப்பு வாங்கியிருந்தார். விற்பனை இலக்கை எட்ட வேண்டும் என்பதற்காகவே இத்தனையும் செய்ததாக விசாரணையில் தெரியவந்தது.

ஒவ்வொரு முறையும் இயந்திரம் தந்த பதில் ஒன்றுதான்: ஆள் சரி. அந்த விரல்களுக்கு உரியவர்களோ தங்கள் பெயரில் ஒரு தொலைபேசி எண் உருவானதையே அறியவில்லை. இதற்கு மூன்று மாதம் முன்பு, ஆதார் ஆணையத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி அஜய் பூஷண் பாண்டே உச்ச நீதிமன்றத்தில் விளக்கம் அளித்தபோது, அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பின் வெற்றி விகிதம் 88 விழுக்காடு என்றார். தவறிய 12 விழுக்காட்டில் இணைய இணைப்புக் கோளாறும் உண்டு, உழைத்துத் தேய்ந்த விரல்களும் உண்டு. உப்பளத்தில் வேலை பார்ப்பவர், கட்டடத்தில் கலவை சுமப்பவர், எழுபது கடந்த முதியவர் ஆகியோர் ரேகை பதியாமல் திரும்புவதை நியாயவிலைக் கடை வரிசையில் நின்ற எவரும் பார்த்திருப்பார்கள். வார்த்த ரேகைக்குத் திறந்த வாசல் தேய்ந்த ரேகைக்குத் திறக்கவில்லை.

இந்த இரண்டையும் தொழில்நுட்பக் குறை என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுவது வழக்கம். நுட்பமான ஸ்கேனர் வந்தால் தீரும், முகப்பதிவு வந்தால் தீரும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறக்கிறது. இக்கட்டுரையின் வாதம் வேறு. சரிபார்ப்பு தவறும்போது அதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தே சரிபார்ப்பின் தரம் அமைகிறது. இந்தியாவில் அந்த விலையை இன்றுவரை பெரும்பாலும் சந்தாதாரரே கொடுத்துவருகிறார். ஆள் மாறிப்போனதால் தொலைபேசி நிறுவனத்துக்கு நேரும் இழப்பு சிறியது. நிலைமை இப்படி இருக்கும்வரை எந்தக் கருவி வந்தாலும் படிவத்தை நிரப்பும் சடங்காகவே அது முடியும்.

சடங்கு எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதற்கு 2017ஆம் ஆண்டே சாட்சி. லோக்நீதி அறக்கட்டளை தொடுத்த வழக்கில் அந்த ஆண்டு பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதைச் சுட்டிக்காட்டி, மார்ச் 23 அன்று தொலைத்தொடர்புத் துறை சுற்றறிக்கை விட்டது: நாட்டிலுள்ள எல்லா இணைப்புகளையும் ஆதார் வழியாக மறுபடியும் சரிபார்க்க வேண்டும். அடுத்த ஒரு வருடம் குறுஞ்செய்திகள் ஓயவில்லை. இணைக்காவிட்டால் எண் துண்டிக்கப்படும் என்ற அச்சத்தில், பல வருடங்களாக ஒரே எண்ணை வைத்திருந்தவர்களும் கடை வாசலில் விரலை நீட்டி நின்றார்கள். 2018 ஏப்ரலில், ஆதார் வழக்கின் விசாரணையின்போது, ஆதாரைக் கட்டாயமாக இணைக்கும்படி தாங்கள் ஆணையிடவே இல்லை என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு அந்தச் சுற்றறிக்கையை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. அதற்குள் கோடிக்கணக்கானோர் ரேகை வைத்து முடித்திருந்தார்கள்.

கடை மேசையில் வைத்த அந்த விரல் எதற்கெல்லாம் சம்மதமாக மாறியது என்பது தனி வரலாறு. 2017 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனத்துக்கும் அதன் பேமெண்ட்ஸ் வங்கிக்கும் இருந்த இ-கேஒய்சி எனும் ஆதார்வழி மின்னணுச் சரிபார்ப்பு உரிமத்தை ஆதார் ஆணையம் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. சிம் சரிபார்ப்புக்கென்று வந்தவர்களின் பெயரில், அவர்கள் உணர்ந்து தந்த சம்மதம் இல்லாமலே வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. சமையல் எரிவாயு மானியம் வழக்கமான கணக்குக்கு வராமல் இந்தப் புதுக் கணக்குகளுக்குப் போயிருந்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் கேஸ் மானியம் எங்கே போனது என்று வங்கி வாசலில் கேட்டு நின்ற குடும்பத் தலைவி, மாதங்களுக்கு முன் செல்பேசிக் கடையில் பதித்த ரேகைதான் காரணம் என்று எப்படி ஊகிக்க முடியும்?

2019இல் ஆதார் சட்டம் திருத்தப்பட்டு, விரும்புகிறவர் மட்டும் ஆதார் வழியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று ஆனது. 2021 செப்டம்பரில் ஒரு சரிபார்ப்புக்கு ஒரு ரூபாய் கட்டணத்துடன் இ-கேஒய்சி முழுவீச்சில் திரும்பியது. 2024 ஜனவரி முதல் தேதியோடு காகிதப் படிவம் விடைபெற்றது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. படிவம் கேட்பது முதல் பெயரும் குடும்பப் பெயரும். இங்கே வழங்குவது பெயரும் தலைப்பெழுத்தும். ஓர் ஆவணத்தில் மு. கருப்பையா, இன்னொன்றில் கருப்பையா எம்., மூன்றாவதில் தந்தை பெயர் விரிந்து கருப்பையா முத்துசாமி. மூவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இதைவிடக் கடுமையானது, பெயர் ஒருவருடையதாகவும் பயன்பாடு இன்னொருவருடையதாகவும் இருக்கும் எண்கள். மகன் வளைகுடா நாட்டுக்குப் புறப்படும் முன் தன் பெயரில் ஒரு சிம் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அம்மாவின் வங்கிக் கணக்கு, கேஸ் பதிவு, முதியோர் உதவித்தொகைச் செய்தி எல்லாம் அந்த எண்ணில் ஏறிவிடுகின்றன. ஒருநாள் சந்தையில் செல்பேசி தொலைகிறது. மாற்று சிம் கேட்டுக் கடைக்குப் போனால், எண்ணுக்கு உரியவர் நேரில் வர வேண்டும் என்கிறார் கடைக்காரர். விதிப்படி அவர் சொல்வது சரி. ஆனால் அந்த எண்ணில் வாழ்கிறவர் எதிரே நிற்கிறார், விதியின் கண்ணுக்கு அவர் அந்நியர். கணவர் பெயரில் சிம் வைத்திருக்கும் மனைவிக்கும், அவர் இறந்த பிறகு, இதே நிலைதான்.

வட்டம் இங்கேதான் இறுகுகிறது. வங்கியில் எண்ணை மாற்றப் பழைய எண்ணுக்கு ஓடிபி போகிறது. ஆதாரில் எண்ணை மாற்றப் பல ஆண்டுகளாகச் சேர்க்கை மையத்துக்கு நேரில்தான் போக வேண்டியிருந்தது, அங்கே மறுபடியும் அதே தேய்ந்த விரல். மற்ற எல்லாக் கதவுகளுக்கும் சாவியாகிவிட்ட ஒன்றை வழங்கும் அதிகாரம், மாத இலக்குக்கு ஓடும் சில்லறை முகவரின் கையில் இருக்கிறது. அவருடைய வருமானம் எத்தனை சிம் இணைப்பு பெற்றது என்பதைப் பொறுத்தது. “ரேகை சரியா விழலம்மா, இன்னொரு தடவை வைங்க” என்று அவர் சொல்லும்போது, இரண்டாம் பதிவு இரண்டாம் சிம்முக்குப் போகிறதா என்று பார்க்க வாடிக்கையாளருக்கு வழியில்லை. இப்படி வாங்கிய சிம்கள் மோசடிக் கும்பல்களிடம் சேர்ந்ததைக் காவல்துறை விசாரணைகள் பலமுறை வெளிக்கொண்டுவந்திருக்கின்றன. 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் தன் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எவரும் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆயினும் தவறைக் கண்டுபிடிக்கும் வேலையும் அத்துடன் சந்தாதாரர் தலையிலேயே ஏறுகிறது.

இது ஏழை நாட்டின் நிர்வாகக் குறை என்று நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள ஐந்து நிறுவனங்களில், நிறுவனத்துக்குப் பத்து வீதம் 50 முன்கட்டண இணைப்புகளை எடுத்து, மாற்று சிம் கேட்டுத் தாங்களே அழைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2020இல் வெளிவந்தன. 50இல் 39 முறை எண் கைமாறியது. மூன்று பெரிய நிறுவனங்களில் பத்துக்குப் பத்தும் போயிற்று. ரகசிய எண்ணைச் சொல்லத் தவறினாலும், பிறந்த தேதியைத் தப்பாகச் சொன்னாலும், சில சேவை ஊழியர்கள் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: அண்மையில் எந்த எண்களோடு பேசினீர்கள்? இதற்கு விடை தயாரிப்பது எளிது, குறிவைத்தவரை ஏதாவதொரு சாக்கில் ஓர் எண்ணுக்கு அழைக்க வைத்துவிட்டால் போதும். கடைசியாக எவ்வளவு ரீசார்ஜ் செய்தீர்கள் என்று கேட்ட இடங்களும் உண்டு. அடுத்தவர் எண்ணுக்குக் கடையில் ஒரு ரீசார்ஜ் அட்டை வாங்கிப் போட்டுவிட்டு அதே தொகையைச் சொன்னால் அங்கே ஆள் சரி. அந்த முடிவுகள் வெளிவந்ததற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில், ட்விட்டரின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டார்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே அவருடைய தொலைபேசி எண் வழியாகக் கைப்பற்றப்பட்டது. நிறுவனங்கள் பாதுகாப்பான சரிபார்ப்பைக் கையாள வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விதி வகுத்தது 2023 நவம்பரில்தான்.

அமெரிக்காவில் ரேகையும் இல்லை, ஆதாரும் இல்லை. கருவி வேறு, சட்டம் வேறு, விளைவு மட்டும் ஒன்று. எளிதில் மாற்று சிம் கொடுத்த ஊழியருக்கு நல்ல சேவை என்ற பெயர் கிடைத்தது. தவறாகக் கொடுத்ததற்கு அவர் மேலாளர்கூடப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ராஜஸ்தானில் நடந்த ஒரு வழக்கு இதன் உள்ளியக்கத்தை வெளிச்சமிடுகிறது. 2017 மே மாதம் ஹனுமன்கட் நகரைச் சேர்ந்த ஒருவரின் எண் திடீரென்று செயலிழந்தது. அவர் நிறுவனத்தின் கடைக்குப் போய்ப் புகார் கொடுத்தார், புது சிம்மும் பெற்றார். சில நாட்களாகியும் அது வேலை செய்யவில்லை. ஜெய்ப்பூர் வரை போய்க் கேட்ட பிறகே இணைப்பு வந்தது. அதற்குள் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து 68 லட்சம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. அவருடைய எண்ணுக்கான மாற்று சிம்மை அல்வரில் வேறொரு ஆளுக்கு நிறுவனமே வழங்கியிருந்தது. ஒரு பகுதிப் பணம் மீண்டது. மீதிக்காக அவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு அதிகாரியிடம் போனார். 27 லட்சம் ரூபாய்க்கு மேல் நிறுவனம் தர வேண்டும் என்ற ஆணை 2021இல் வந்தது. உரியவரை நாட்கணக்கில் காக்க வைத்த அதே நிறுவனம் அந்நியருக்கு உடனே கொடுத்தது என்பதே இதில் கவனிக்க வேண்டிய உண்மை. நியாயம் கிடைக்க நான்கு வருடம் ஆனது. சில ஆயிரங்களை இழந்த கூலித் தொழிலாளி நான்கு வருடம் போராட முடியாது.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விடுத்த சுற்றறிக்கையை இதன் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் குற்றமில்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால், வாடிக்கையாளருக்கு இழப்பு எதுவும் இல்லை. அவர்தான் காரணம் என்றால் அதை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. நடைமுறையில் வங்கிகள் முரண்டு பிடிப்பதுண்டு. இருந்தாலும் வாதம் தொடங்கும் இடத்தை அந்தச் சுற்றறிக்கை மாற்றியது. தொலைபேசித் துறையில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது? சரிபார்ப்பில் குறை கண்டால் நிறுவனத்துக்குத் தொலைத்தொடர்புத் துறை அபராதம் போடுகிறது, அந்தப் பணம் அரசுக்குப் போகிறது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஏமாற்றுக்காரனைத் தண்டிப்பது சரிதான். அவனிடம் சிம்மைத் தூக்கிக் கொடுத்தவர் பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஈடு தர வேண்டும் என்ற கேள்விக்கு, வங்கிச் சுற்றறிக்கையைப் போன்ற தெளிவான விடை அங்கே கிடையாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொறுப்பை நிறுவனத்தின் மேல் சுமத்தினால் அது அஞ்சிப்போய்ச் சோதனைகளை அடுக்கும். பெயர் பொருந்தாத கருப்பையாவும், மகன் பெயரில் சிம் வைத்திருக்கும் அம்மாவும் முன்னிலும் அதிகமாக அலைவார்கள். இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆகவே பொறுப்பு இரு பக்கமும் வெட்ட வேண்டும்: தவறான ஆளுக்குக் கொடுத்தால் ஈடு, உரிய ஆளுக்கு மறுத்தாலும் ஈடு. எல்லா விவரங்களையும் ஒரே இடத்தில் திரட்டி வைத்துவிட்டால் போதும் என்ற மாற்று யோசனையையும் உலகம் பார்த்துவிட்டது. மெக்சிகோ 2009இல் செல்பேசிச் சந்தாதாரர் பதிவேட்டைத் தொடங்கி, விவரங்கள் கசிந்து விற்பனைக்கு வந்த பிறகு, 2012வாக்கில் அதைக் கைவிட்டது.

சில விதிகள் சரியான திசையில் போயிருக்கின்றன. மாற்று சிம் வாங்கிய முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. சிம் மாற்றி ஏழு நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) விதி 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. செல்பேசியைத் தொலைத்த நேர்மையான ஆளுக்கு ஒருநாள் ஓடிபி இல்லாமல் போவது தொல்லைதான், ஆனால் திருடனின் அவசரத்துக்கு அது போடும் தடை அதைவிடப் பெரிது. காலதாமதம் இங்கே எந்த ஸ்கேனரையும்விட நன்றாகக் காவல் காக்கிறது.

மீதி இருப்பது ஆவணம். தொலைபேசி நிறுவனத்துக்கு எதிராக நுகர்வோர் மன்றம் போகத் தடை இல்லை என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் மன்றத்தில் நிற்பவர் கையில் செயலிழந்த சிம்மைத் தவிர என்ன இருக்கும்? எந்தக் கடையில், எந்த முகவரின் குறியீட்டில், எத்தனை மணிக்கு, எந்தப் புகைப்படத்தைப் பார்த்துத் தன் எண் வேறொருவருக்குத் தரப்பட்டது என்ற பதிவு முழுவதும் எதிர்த்தரப்பிடம் இருக்கிறது. அந்தப் பதிவை, புகார் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் கட்டணமின்றிச் சந்தாதாரருக்குத் தர வேண்டும். தராத நிறுவனம் தவறு செய்ததாகவே கொள்ளப்பட வேண்டும். ரேகை பதியாதவருக்கும் பெயர் பொருந்தாதவருக்கும், ஊர் அறிந்த இரண்டு பேரின் சாட்சியத்தோடு கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றை மாற்று வழியாக ஏற்க வேண்டும். அதை மறுக்கும் கடை, மறுத்த காரணத்தை எழுதி, தேதியும் முத்திரையும் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும்.