கேப்டன் பிரபாகரன்

கேப்டன் பிரபாகரன், 1991 ஏப்ரல் 14 அன்று தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளியான தமிழ்த் திரைப்படம். இயக்கம் ஆர்.கே. செல்வமணி, தயாரிப்பு இப்ராகிம் ராவுத்தர், இசை இளையராஜா. விஜயகாந்தின் 100ஆவது படமான இதன் பிறகே 'கேப்டன்' என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது.

கதை

சந்தனக் கடத்தல்காரன் வீரபத்திரனைப் (மன்சூர் அலிகான்) பிடிக்கச் சென்ற வனத்துறை அதிகாரி ராஜாராம் (சரத்குமார்) கொல்லப்படுகிறார். அவருடைய நண்பர் பிரபாகரன் (விஜயகாந்த்) அந்தப் பொறுப்பை ஏற்று வருகிறார். கடத்தலுக்குத் துணைபோகிறவர்கள் அதிகார நாற்காலிகளிலேயே இருப்பது அவருக்குத் தெரியவருகிறது. ரம்யா கிருஷ்ணன், ரூபிணி ஆகியோரும் நடித்துள்ளனர். படத்தில் இரண்டே பாடல்கள். அவற்றுள் 'ஆட்டமா தேரோட்டமா' பாடலை ஸ்வர்ணலதா பாடினார்.

வகைமை

ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டு எடுத்த 'ஃபோர்ட் அப்பாச்சி' (1948) முதலான குதிரைப்படைப் படங்களில் எல்லைக் கோட்டையும் சீருடை வீரர்களும் கதையின் நடுநாயகம். கேப்டன் பிரபாகரனையும் அந்த வரிசையோடு ஒப்பிடலாம்: இங்கே பாலைவெளிக்குப் பதில் காடு. குதிரைப்படைக்குப் பதில் வனத்துறையும் காவல்துறையும். எதிரி காட்டில் மட்டும் இல்லை என்பதே இப்படத்தின் தனித்தன்மை. காட்டுக் காட்சிகள் பெரும்பாலும் கேரளத்தின் சாலக்குடிப் பகுதியில் படமாயின.

தர்மபுரித் தொடர்பு

வீரபத்திரன் பாத்திரம் நிஜ சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனை நினைவூட்டும் வகையில் உருவானது. வீரப்பன் நடமாடிய தமிழக–கர்நாடக எல்லைக் காடுகளில் தர்மபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல், பென்னாகரம் பகுதிகளும் அடங்கும். படம் வெளியாகி ஏழு மாதங்களுக்குள், 1991 நவம்பரில், வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீநிவாஸை வீரப்பன் கொன்றான். 2004 அக்டோபர் 18 இரவு, கண் சிகிச்சைக்குப் போவதாக நம்பி ஆம்புலன்ஸ் ஒன்றில் ஏறி வந்த வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் அதே தர்மபுரி மாவட்டத்தின் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த வண்டியை அனுப்பியது, வீரப்பனைப் பிடிக்க அமைக்கப்பட்ட தமிழக அதிரடிப்படை. படைக்குத் தலைமை தாங்கியவர் கே. விஜயகுமார்.

வரவேற்பு

கமல்ஹாசனின் 100ஆவது படம் 'ராஜ பார்வை', ரஜினிகாந்தின் 100ஆவது படம் 'ஸ்ரீ ராகவேந்திரர்' ஆகியவை வசூலில் சோபிக்காத நிலையில், விஜயகாந்தின் 100ஆவது படம் பெருவெற்றி பெற்றது. மன்சூர் அலிகானுக்கு வில்லன் நடிகராக நிலையான இடத்தையும் தேடித் தந்தது. விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 அன்று மறைந்தார். அவர் பிறந்தநாளையொட்டி 2025 ஆகஸ்டில் படம் மெருகேற்றப்பட்டு மறுவெளியீடு கண்டது.