பால்மரத் தோட்டத்துப் புகைக்கூடம்

இறைச்சி வாட்டும் புகையடுப்பில் நெருப்புப் பெட்டி ஏன் பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது எனப் பெற்றோர் சிலர் வினவுவர். அவ்வமைப்பு நம் மூத்தோர் அறிந்ததே. ரப்பர்த் தோட்டப் புகைக்கூடங்கள் பலவற்றில் உலை வெளியே இருந்தது. புகை மட்டும் உள்ளே சென்றது. எரிபொருள், பால் வற்றி வெட்டப்பட்ட ரப்பர் மரம். ஏறத்தாழ 45 முதல் 60 பாகை வெப்பத்தில் ரப்பர்த் தகடுகள் சில நாள்கள் தொங்கின. வெப்பம் மிகுந்தால் கொப்புளம். புகை குறைந்தால் பூஞ்சை. இரண்டிலும் விலை சரியும். மரம் சீவியோரைப் போற்றும் நாம், இரவிலும் விறகிட்டோரை ஏனோ மறந்தோம்.

1995இல் புத்ராஜெயா எழத் தொடங்கியபின், பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டத்து மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்ககத்திற்குப் பெயர்ந்தனர். ஆசிரியர்களே, அவர்தம் பேரப்பிள்ளைகளைத் தாத்தா, பாட்டியிடம் புகைக்கூடம் பற்றிக் கேட்டு எழுதச் செய்யுங்கள். சொல்வோர் குறைந்து வருகின்றனர்.