கடைப்பெயரும் சாதியும்: சிவகாசி அச்சு சொல்லும் வரலாறு

ஆடிப்பெருக்கை ஒட்டி சிவகாசியில் அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஏஜெண்டுகள் அவற்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். மளிகைக் கடைக்காரரோ தையல் கடைக்காரரோ அதில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார். படத்தோடு இருக்கும் வெற்றிடத்தில் அவருடைய கடைப்பெயர் அச்சாகும். ஆண்டு முழுக்க வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் அந்தப் பெயர் தொங்கும். முருகனும் லட்சுமியும் மொத்தமாக அச்சாகிவிடுவதால் அந்தச் செலவு பல கடைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. சிறு வியாபாரிக்கு வண்ண விளம்பரம் கட்டுப்படியாவது இப்படித்தான்.

இந்தத் தொழிலை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நாடார்கள். 1897-இல் கமுதி கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. பிரிவி கவுன்சில் வரை போயும் 1908-இல் தோற்றார்கள். இடையில் 1899-இல் சிவகாசியிலேயே அவர்கள் தாக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களிடம் கடைவீதி இருந்தது. வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுவில் சேர்க்கும் மகமை இருந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அங்கிருந்து பட்டாசு உறை, காலண்டர், சுவரொட்டி என்று அச்சுத்தொழில் விரிந்தது. கோயிலுக்குள் விடாத சமூகத்திலிருந்தே வந்த அச்சகங்கள் சாமி படங்களை நாடெங்கும் அனுப்பின.

“அவர்கள் உழைத்து முன்னேறினார்களே, நீங்கள் ஏன் முடியாது?” என்று நம்மிடம் கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் பாதிதான் படிக்கிறார்கள். நிலமும் கடைவீதியும் பொதுநிதியும் இல்லாத சேரியில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தலித்துக்கு இன்னொரு தடையும் உண்டு. விளம்பரம் என்றால் சந்தையில் நம் பெயரை உரக்கச் சொல்வது. சாதி தேடுவதும் அதே பெயரைத்தான்.

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், தொழில் நின்றது. 1920-இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, அதற்கான விளம்பரத்தைக் கட்டணம் கொடுத்தும் திலகரின் ‘கேசரி’ வெளியிட மறுத்தது. காசு கொடுத்தால் யாருக்கும் சந்தை திறக்கும் என்ற நம்பிக்கைக்கு இவை இரண்டுமே பதில். அம்பேத்கர் பின்னாளில் சொந்தமாக பாரத் பூஷண் அச்சகத்தை நடத்தியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

இன்று போஸ்டர் அடிக்க யாரும் மறுக்க மாட்டார்கள். ஃபிளெக்ஸ் சில மணி நேரத்தில் கையில் கிடைக்கும். ஆனாலும் மெஸ்ஸோ டிபன் கடையோ திறக்கும் நம் ஆட்கள், உரிமையாளர் பெயரும் ஊர்ப்பெயரும் போடலாமா, அம்பேத்கர் படம் வைக்கலாமா என்று இருமுறை யோசிக்கிறார்கள். அந்தத் தயக்கமும் ஒரு வரலாற்று ஆவணம்தான்.

மாணவத் தோழர்கள் இதை ஆய்வாகவே எடுத்துச் செய்யலாம். உங்கள் பகுதியில் தலித்துகள் நடத்தும் கடைகளின் நோட்டீஸ், காலண்டர், திறப்புவிழா போஸ்டர்களைச் சேகரியுங்கள். என்ன பெயர் இருக்கிறது, எது விடப்பட்டிருக்கிறது, யார் சுவரில் ஒட்ட முடிந்தது என்று ஆண்டோடு குறித்து வையுங்கள். கட்சிப் போஸ்டர் ஒட்ட இரவெல்லாம் பசை வாளி தூக்கும் நாம், நம் தெருக்காரரின் கடைப் போஸ்டரையும் சேர்த்து ஒட்டுவோம்.